வேகம் குறைத்துக் கேட்ட குரல்

ஜூஜுவாடி,
8-7-2025

அன்புள்ள மாதேசு,

இந்தக் கடிதத்தைச் சாந்தம்மா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜவளகிரியில் உன் அத்தை வீட்டுக்கு அடுத்த வீடுதான் என்றும், தினமும் கம்பெனி பஸ்ஸில் இங்கே வேலைக்கு வருவதாகவும் சொன்னார். "படிச்சிட்டு அடுப்புல போட்டுடச் சொல்றன் பாப்பா, நீ பயப்படாத" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. அடுப்பில் போடுகிற அளவுக்கு அங்கே என்ன நடக்கிறது?

ஒரு வாரமாக நீ பள்ளிக்கு வரவில்லை. வீரலட்சுமி டீச்சர் விசாரித்தபோது, "அத்தைக்கு உடம்பு சரியில்ல, ஒத்தாசைக்குப் போயிருக்கா" என்று உன் அண்ணன் சொன்னாராம். உன் போனும் அணைந்தே கிடக்கிறது. ஒரே லைன் வீட்டில் மூன்று கதவு தள்ளி இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கோபம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டும் விளையாட்டைப் பதிவு செய்தோமே, அதை வீடியோ ஆக்கி நம் சேனலில் போடலாம் என்று அக்காவின் லேப்டாப்பில் நானே எடிட் செய்தேன். நீ செய்யும்போது பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியம். வெளியே வந்த வீடியோவில் லாரி ராக்கெட் மாதிரி பறக்கிறது. படம் சீக்கிரமே முடிந்துவிட்டது, சத்தம் மட்டும் பின்னால் நீண்டு கிடந்தது. இரண்டும் ஒன்றாக முடியட்டும் என்று சத்தத்தையும் பிடித்துச் சுருக்கிவிட்டேன். இப்போது நம் குரல் இரண்டும் அணில் கத்துவது போல இருக்கிறது. நான் முதலில் சிரித்தேன்.

நடுவில் மழை வந்து நாம் மாடிக்குத் துணி எடுக்க ஓடினோம் அல்லவா? மைக்கை அணைக்கவில்லை. லாரி சும்மா நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் உன் வீட்டு உள்ளறையில் யாரோ பேசுகிறார்கள். அதுவும் அணில் குரல்தான், ஒன்றும் புரியவில்லை. ஆனால் 'மாதேசு' என்று உன் பெயர் வருகிறது. பலமுறை கேட்டுவிட்டேன். நிச்சயமாக உன் பெயர்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தானே உன்னை அனுப்பினார்கள்?

மூலப் பதிவை அழித்துவிட்டேன். லேப்டாப்பில் இடம் இல்லை. திட்டாதே. இதைச் சரிசெய்வது எப்படி என்று எழுது. எப்படி இருக்கிறாய் என்றும் எழுது.

பூங்கொடி


ஜவளகிரி,
10-7-2025

பூங்கொடி,

திட்டாதே என்று எழுதினால் திட்டமாட்டேனா? மூலப் பதிவை அழிக்கிற ஒருத்தி உலகத்திலேயே நீதான்.

நான் எப்படி இருக்கிறேன் என்றால், அத்தைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு மூட்டை ராகியைத் தனியாகத் தூக்குகிறாள். வந்த அன்றே என் போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இருட்டினால் காட்டிலிருந்து யானை வருமாம், அதனால் நான் படுக்கிற அறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள். யானை வந்தால் உள்ளே இருக்கிற நான் என்ன செய்யப்போகிறேன், கதவைத் திறந்து வா என்று கூப்பிடப்போகிறேனா? கேட்டதற்கு, "வாய் நீளம். போற எடத்துல இப்படிப் பேசாத" என்றாள். போகிற இடம் எது என்று கேட்டேன். ராகி புடைக்கப் போய்விட்டாள். முந்தாநாள் என் கையைப் பிடித்து வளையல் அளவு பார்த்தாள்.

புரிகிறதா? எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யாரோடு, எப்போது, யார் முடிவு செய்தது, எதுவும் தெரியாது. அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர், அவர் தானாக எதையும் செய்யமாட்டார். அந்தப் பேச்சில் அது இருக்கலாம். கேட்டுச் சொல்.

செய்ய வேண்டியது இதுதான். பதிவு செய்யும்போது ஒரு நொடிக்கு முப்பது ஃப்ரேம் என்று வைத்திருந்தோம். நீ எடிட்டிங்கில் அறுபது என்று வைத்திருப்பாய், அதுதான் அதில் வழக்கமாக இருக்கும். ஒரு நொடிக்கான படங்களை அரை நொடியில் தீர்த்துவிட்டது. அதனால் ஓடியது படம்தான். சத்தம் சரியாகத்தான் இருந்தது. நீ சரியாக இருந்ததைத் தப்பாக இருந்ததற்கு ஏற்ப இழுத்துவிட்டாய். இப்போது முழு வீடியோவையும் பாதி வேகத்துக்குக் குறை. 'குரலின் சுருதி மாறாமல்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடு. இல்லாவிட்டால் அணிலே நிதானமாகப் பேசும்.

சீக்கிரம். வளையல் வாங்கிவிடுவார்கள்.

மாதேஸ்வரி


ஜூஜுவாடி,
12-7-2025

மாதேசு,

நீ சொன்னபடியே செய்தேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டேன். எழுதாமல் இருந்தால் அது உனக்குச் செய்கிற துரோகம்.

பாதி வேகத்தில் பேச்சு புரிகிறது. பாதி தமிழ், பாதி கன்னடம். இடையிடையே மழைச் சத்தம். ஒரு குரல்தான் தெளிவாகக் கேட்கிறது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அவகிட்ட கேக்கறது என்னாத்துக்கு? மாதேசு ஒத்துக்குவா, நான் பாத்துக்கறன். ஆனேக்கல் தாண்டி கோயிலு. இந்தப் பக்கம் வெச்சா ஆபீசர் வந்துருவாங்க." வேறொரு ஆண் தூரத்திலிருந்து ஏதோ முணுமுணுக்கிறார். எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று நடுவில் சிணுங்குகிறது. தேதி மட்டும் மழையில் போய்விட்டது.

அந்தத் தெளிவான குரல் பெண் குரல். கொஞ்சம் கனமான குரல். 'என்னாத்துக்கு' என்று இழுப்பதும், வாக்கிய முடிவில் மூச்சு விடுவதும்... மாதேசு, அது உன் அம்மாவைப் போலவே இருக்கிறது. கெம்பம்மா அத்தை அப்படிப் பேசுவார் என்று என்னால் நம்பமுடியவில்லை. ஆனால் காது கேட்கிறதே.

நேற்று அவரைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் குடத்தை அரைகுறையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் நின்று பேசாமல் போகமாட்டார்.

என் அம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல், இப்போது கல்யாணம் வைப்பார்களா என்று கேட்டேன். "ஏட்டி, ஆடி பொறக்கப் போவுது. ஆடியில எவன்ட்டி கல்யாணம் வைப்பான்? கூறுகெட்ட கேள்வி கேக்கா" என்றார். அதனால் ஆவணி வரை நமக்குக் காலம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேல். அதற்குள் யோசிப்போம். தைரியமாக இரு.

பூங்கொடி


ஜவளகிரி,
15-7-2025

பூங்கொடி,

ஆவணி என்பது உங்கள் திருநெல்வேலிக் கணக்கு. நானும் பள்ளிக்கூடத்துக் காலண்டரைப் பார்த்து அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பார்ப்பது கன்னடப் பஞ்சாங்கம். அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆஷாடம் அமாவாசையோட முடியுது, மறுநா சிராவணம். நல்ல நாளு." அமாவாசை இருபத்துநாலாம் தேதி. நமக்கு ஒரு மாதம் இல்லை. பத்து நாள்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். உன் கடிதத்தை அதற்கு முந்தின சாயங்காலம்தான் படித்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "தளி வரைக்கும் போயி காய்கறி வாங்கியாரலாம், வா மாதேசு" என்றாள். கண்ணைக் கண்ணை உருட்டினாள். எழுந்திரு, எழுந்திரு என்று. எனக்கா தெரியாது? பஸ் ஏற்றி நேராக ஆனேக்கல் கொண்டுபோய்விடத்தான். "நான் வரமாட்டேன், நீ போ" என்றேன். கையைப் பிடித்தாள். உதறினேன். அவள் கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசி பஸ்ஸுக்குப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பெற்றவள் இப்படிச் செய்வாள் என்றால் வேறு யாரை நம்புவது?

அண்ணன் இருக்கிறானே என்று ஒரு ஆறுதல். நேற்று வந்தான். காண்டிராக்டில் இருந்தவனை நிரந்தரம் செய்யப்போகிறார்களாம், சந்தோஷமாக இருந்தான். எனக்குக் கேக் வாங்கி வந்தான். "என்ன வேணும்னாலும் அண்ணங்கிட்ட சொல்லு" என்றான். அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீடியோவில் பேச்சு விழுந்திருப்பது, நீ அதைச் சரிசெய்து கேட்டது, அம்மாதான் ஏற்பாடு செய்கிறாள் என்பது. சாந்தம்மா அக்காவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, அவர் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. அண்ணன் கேக் பெட்டியை மூடி வைத்தான். பிறகு, "அந்த வீடியோ பூங்கொடிகிட்டதான் இருக்கா? வேற யாரு கேட்டாங்க?" என்றான். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

அவன் வந்தால் கொடுத்துவிடு. அவன் அப்பாவிடம் போட்டுக்காட்டி நிறுத்திவிடுவான்.

பயமாக இருக்கிறது, பூங்கொடி. சத்தமாக ஒரு வண்டி வந்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

மாதேஸ்வரி


ஜூஜுவாடி,
18-7-2025

மாதேசு,

இதைப் படித்தவுடன் எரித்துவிடு. யாரிடமும் எதுவும் சொல்லாதே. முக்கியமாக, உன் அண்ணனிடம்.

பாதி வேகத்துக்குக் குறைத்த வீடியோவை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுத் திரையின் மூலையில் ஓட்டிய நேரம் ஓடுமே, அது எங்கள் சுவர்க் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் முந்தி முந்திப் போனது. கண் ஏமாற்றுகிறதோ என்று வைத்துப் பார்த்தேன். விளையாட்டில் ஒரு நிமிடம் ஆகும்போது சுவரில் ஐம்பது நொடிதான். அப்படியென்றால் இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறது. பாதி என்று நாம் எடுத்துக்கொண்டதே தப்பு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: அன்று லேப்டாப் திக்குகிறது என்று நீ முப்பதை இருபத்தைந்தாகக் குறைத்தாய். நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் இரண்டு புள்ளி நான்கு. அத்தனை மடங்கு வேகத்தைக் குறைக்கவேண்டும்.

நேற்று மாலை குறைக்க உட்கார்ந்தபோது கதவு தட்டினார்கள். உன் அண்ணன். அப்போது உன் கடிதத்தை நம்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். "லேப்டாப்ப குடு பூங்கொடி, ஒரு வீடியோ பாக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, அறையைச் சுற்றிப் பார்த்தார். "இதை வேற யாருக்கும் அனுப்பினியா? போன்ல ஏத்தினியா?" என்றார். தங்கைக்காக வந்தவர் முதலில் தங்கையைப் பற்றியல்லவா பேசுவார்? லேப்டாப் சமையலறையில், அம்மா முறம் வைத்திருக்கிற இடத்துக்குப் பின்னால் இருந்தது. "அக்கா காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிட்டா, ஞாயித்துக்கிழமை வருவா" என்றேன். நான் பொய் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று நீ சொல்வாய். தெரிந்ததோ என்னவோ. "சரி, ஞாயித்துக்கிழமை வரன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நெடுநேரம் போன் பேசிக்கொண்டு நின்றார்.

அவர் போன பிறகு, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சரியான வேகத்தில் கேட்டேன்.

அது பெண் குரல் இல்லை. உன் அண்ணன் அஜித்குமார். "அவகிட்ட கேக்கறது என்னாத்துக்கு?" என்று இழுத்தது அவர்தான். அம்மாவின் பேச்சுவழக்கு பிள்ளைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மிச்சமிருந்த அந்த ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் அவர் குரலை உன் அம்மா குரலாக்கிவிட்டது. முணுமுணுத்த ஆளை அவர் "சார்" என்கிறார். மாப்பிள்ளை அந்தக் கம்பெனி சாரின் தம்பி என்பதும் பேச்சில் வருகிறது. நிரந்தரம் எதற்குக் கிடைக்கிறது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.

குழந்தை சிணுங்கியது என்று எழுதியிருந்தேனே. அது குழந்தை இல்லை. அதுதான் உன் அம்மா. கன்னடத்தில் "பேடா, பேடா", வேண்டாம் என்று அழுகிறார். "படிக்கிற கொழந்தடா, வேணாண்டா" என்கிறார். அண்ணன், "யார்கிட்டனா சொன்னா நான் மருந்து குடிச்சிருவன்" என்கிறார். அதன்பிறகு உன் அம்மாவின் சத்தமே இல்லை.

நான் உடனே உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா தனியாக இருந்தார். ஹெட்செட்டை அவர் காதில் வைத்தேன். கேட்டு முடித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு அவளக் கூட்டினு போயிடலாம்னுதான் போனன் கண்ணு. காவேரிப்பட்டினத்துல எங்க அக்கா வீட்டுல விட்டுர்லாம்னு. அவ கையைத் தட்டிவிட்டுட்டா" என்றார். நான் எழுதிய கடிதத்தால்தான் நீ தட்டிவிட்டாய். அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

இருவரும் வீரலட்சுமி டீச்சர் வீட்டுக்குப் போனோம். டீச்சர் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தார். திங்கட்கிழமை காலையில் அதிகாரிகளோடு உன் அம்மா அங்கே வருவார். ஆனேக்கல் தாண்டிக் கர்நாடகப் பக்கம் உன்னைக் கொண்டுபோய்விட்டால் தேடுவது கஷ்டம் என்கிறார்கள். அதுவரை அண்ணன் எங்கே கூப்பிட்டாலும் போகாதே. அம்மா கூப்பிட்டால் போ.

சாந்தம்மா அக்கா கையில் இது இன்றே கிடைக்கவேண்டும். பஸ் கிளம்பும் முன் கம்பெனி கேட்டுக்கு ஓடுகிறேன்.

பூங்கொடி


கிருஷ்ணகிரி,
24-7-2025

பூங்கொடி,

இங்கே எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதி உண்டு. பெண் பிள்ளைகள் இல்லம். சாப்பாடு பரவாயில்லை. மதில் உயரமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் வந்தது. சாந்தம்மா அக்கா விறகு கேட்பதுபோல் வந்து கொடுத்தார். படித்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். 'இன்னும் என்னடி ஊதற' என்று அத்தை கேட்டாள். ஊதவில்லை, உன் கடிதம் கருகி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்ன பொய் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னவன் அங்கே வரவில்லை. காலையிலேயே இங்கே வந்தான். வெளியே ஒரு கார். "கெளம்பு மாதேசு, ஆனேக்கல்ல துணி எடுக்கலாம்" என்றான். அதே அண்ணன்தான், அதே சிரிப்புதான். அத்தை பையைக் கட்டிவிட்டாள். திங்கட்கிழமைக்கு ஒரு முழு நாள் இருந்தது. கத்தினால் யார் வருவார்கள்? ஓடினால் காடு.

என்ன தோன்றியதோ, அத்தையின் காதில், "நான் வீட்டுக்கு விலக்கு" என்றேன். பொய்தான். அத்தை பையைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். அவளுக்குச் சாமி மாதேஸ்வரனைவிடத் தீட்டுக்குப் பயம் அதிகம். "இப்படியே மாப்ள வூட்டுக்கு அனுப்புவியா? கோயில் காரியம்டா. மூணு நாளு போவட்டும்" என்று அண்ணனிடம் சண்டைக்குப் போனாள். அவன், "கார்ல ஏத்தினா என்ன ஆயிடும்?" என்று கத்தினான். அவள் அசையவில்லை. என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையில் உட்காரவைத்தாள். அவன் போகவும் இல்லை. காரில் உட்கார்ந்து அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை சோற்றைத் தூரத்திலிருந்து தள்ளிவைக்கும்போதெல்லாம், பொய் என்று கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். விடியும்வரை அப்படியே.

காலையில் ஜீப் வந்தது. முதலில் இறங்கியது அம்மா. அறை வாசலில் நின்று, "வா" என்றாள். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. போனேன்.

தளியில் ஒரு அறையில் எல்லாரையும் உட்காரவைத்து எழுதிக்கொண்டார்கள். அண்ணன் எனக்கு எதிரில். "தங்கச்சி, நான் உன்ன அடிச்சனா? நீயே சொல்லு" என்றான். இல்லை, ஒருநாளும் அடித்ததில்லை. சைக்கிள் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அதனால்தான் எனக்கு இப்போதும் பயம் போகவில்லை, பூங்கொடி. அடிக்கிறவர்களைத் தெரிந்துகொள்ளலாம்.

பதிவை அதிகாரிகள் கேட்கிறார்கள். கொடுத்தால் அண்ணன் மேல் வழக்கு வரும். டீச்சர் என்னிடம் விட்டுவிட்டார். மூன்று நாள் யோசித்தேன். கொடுத்துவிடு. நாம் எடிட்டிங்கில் கெடுத்த வீடியோவையும், நீ சரிசெய்ததையும், இரண்டையும் கொடு. எப்படிக் குறைத்தாய் என்றும் எழுதிக் கொடு. இல்லாவிட்டால் குரலை நாம் மாற்றிவிட்டோம் என்பார்கள்.

அம்மாவிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஜீப்பில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போயிருக்கிறாள்? அண்ணனை விசாரித்து அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். நீ போய்ப் பார். கதவைத் தட்டி, அவளே வந்து திறக்கும்வரை நில். அவளிடம் என் பேரைச் சொல், என்ன சொல்கிறாள் என்று எழுது.

மாதேஸ்வரி


ஜூஜுவாடி,
27-7-2025

அன்புள்ள மாதேசு,

தட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. உன் அம்மா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை தளியிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டார். என் அப்பா சுடலைமுத்து யாரிடமும் அதிகம் பேசாதவர். அவர் தன் கட்டிலை வாசல் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, "யாரு வாரான்னு பாப்போம்" என்றார். உன் அண்ணன் ஒருமுறை தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனார். பிறகு காணவில்லை. வேலைக்கும் வரவில்லையாம். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் பள்ளிக்கு நானும் என் அம்மாவும் சேர்ந்தே போகிறோம். உன் அப்பா மாலையில் வந்து வெளியே நிற்கிறார். உள்ளே வா என்றால் வருவதில்லை. நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இரண்டு வீடியோவையும் கொடுத்துவிட்டேன். கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். அந்த அதிகாரி அம்மா என் முன்னாலேயே விளையாட்டுக் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் வைத்துச் சரிபார்த்தார். ஒத்துப்போனது.

உன் அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ கையைத் தட்டிவிட்டதற்காக வருந்துகிறாய் என்று சொன்னேன். பிறகு, எழுது என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"அழுவ வேணான்னு சொல்லு. அன்னைக்கு அவ எங்கூட வராதது எனக்கு வலிச்சிதுதான். ஆனா அவ செஞ்சது தப்பில்ல. இனிமேலும் யாரு கூப்பிட்டாலும் ஏன், எங்கன்னு கேட்டுட்டு எழுந்திரிக்கச் சொல்லு. நானே கூப்பிட்டாலும் கேக்கச் சொல்லு."

பூங்கொடி